இருபது பவுனும் ஒரு கல்லூரியும்

வலங்கைமான் என்றதும் தஞ்சைத் தோழர்களுக்குப் பங்குனி மாதத்துப் பாடைக்காவடிதான் முதலில் நினைவுக்கு வரும். குடமுருட்டிக் கரையிலே, கும்பகோணத்துக்குக் கூப்பிடு தூரத்திலே உள்ள ஊர். சுற்றிலும் நெல் வயல். அந்த ஊரின் பெயரை உலகத்துச் சபைகள் வரை கொண்டுபோன ஒருவர் இருந்தார். வி. எஸ். என்று பெயருக்கு முன்னே நிற்கும் இரண்டு எழுத்துக்களில் முதல் எழுத்து வலங்கைமான்தான். சீனிவாச சாஸ்திரியார் என்றால் அந்தக் காலத்தில் தெரியாதவர் இல்லை. ஆங்கிலப் பேச்சிலே ஆங்கிலேயரையே தோற்கடித்தவர் என்றும், வெள்ளி நாக்குப் படைத்தவர் என்றும் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன.

அவர் பேச்சின் பெருமையைப் பாடுவதற்காக இதை எழுதவில்லை, தோழர்களே. அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பிரபுக்கள், மந்திரிகள், கவர்னர்கள். உழைப்பவன் அதைக் கேட்டதும் குறைவு. கேட்டிருந்தாலும் அந்த மொழி அவனுக்குப் புரிந்திராது. ஆனால் அவருடைய வாழ்விலே ஒன்றரை ஆண்டுக் காலம், கரும்புத் தோட்டத் தமிழனுடைய வாழ்வோடு பின்னிக் கிடந்தது. 1927 ஜூன் முதல் 1929 ஜனவரி வரை. அந்தக் காலத்தின் கடைசி நாட்களில், அவர் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்ப ஆயத்தமானபோது, அதே துறைமுகத்திலே இன்னொரு கூட்டமும் ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

அக்கிரகாரத்திலிருந்து அரண்மனை வரை

1869 செப்டம்பர் 22ஆம் நாள் வலங்கைமானில் பிறந்தவர் சாஸ்திரியார். காந்தியாருக்குப் பத்து நாள் மூத்தவர். ஏழைப் புரோகிதக் குடும்பம். கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்று, பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்வைத் தொடங்கினார். மாயவரம், சேலம் என்று வேலை பார்த்து, பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அரிசி பருப்பை நியாய விலையில் வாங்க, குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தாங்களே கூடி நடத்திய சங்கம் அது.

1907இல் வாத்தியார் வேலையை விட்டு, கோகலே அமைத்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915இல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். பிறகு படிகள் வேகமாக ஏறின. 1921இல் லண்டனில் ஏகாதிபத்திய மாநாடு, ஜினீவாவில் சர்வதேச சங்கம், வாஷிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு, மன்னரின் பிரிவி கவுன்சிலர் பதவி. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா. போன இடமெல்லாம் அவர் எழுப்பிய கேள்வி ஒன்றே: பேரரசின் குடிகள் எல்லோரும் சமம் என்றால், அங்கே குடியேறிய இந்தியனுக்கு மட்டும் ஏன் சமத்துவம் இல்லை?

அவர் மிதவாதி. ஒத்துழையாமையை ஏற்காதவர். வெள்ளைக்காரனுடைய நியாய புத்தியிலே அசையாத நம்பிக்கை வைத்திருந்தவர். 1923இல் கென்யா நாட்டு இந்தியருக்கு மேட்டு நிலத்தைக் கொடுக்க முடியாதென்று பிரிட்டிஷ் சர்க்கார் கைவிரித்தபோது அந்த நம்பிக்கைக்கு முதல் அடி விழுந்தது. ஆனாலும் முறிந்துவிடவில்லை. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் காலம் கரும்புத் தோட்டத்து ஓரத்திலே கொண்டுபோய் நிறுத்திற்று.

மாதம் பத்து ஷில்லிங்

தென்னாப்பிரிக்காவுக்கு நம்மவர் போன கதை நமக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எண்களோடு சொல்லிவைப்பது நல்லது. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதிலே வந்தவர்கள் 342 பேர். அன்று தொடங்கி 1911இல் அந்த ஏற்றுமதி நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நாட்டால் மாகாணத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே போனவர்கள். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, திருச்சி, தஞ்சை என்று சேரிகளும் குடியானவர் தெருக்களும் காலியாயின.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஒப்பந்தம் முடிந்தவன் மீண்டும் அடிமைச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும், அல்லது ஊர் திரும்பவேண்டும். இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்டவேண்டும் என்று 1895இல் சட்டம் செய்தார்கள். கூலிக்காரனுக்கு மூன்று பவுன் என்பது பல மாதச் சம்பளம். அந்த வரியை எதிர்த்து 1913இல் சுரங்கமும் தோட்டமும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நம் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையிலே நோயுற்று, 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதிலேயே உயிர் நீத்தாள். அந்த ஆண்டு வரி ஒழிந்தது.

வரி ஒழிந்தது, வெறுப்பு ஒழியவில்லை. உழைக்க வந்தவன் உழைத்துவிட்டுப் போகாமல், குடிசை போட்டு, காய்கறி பயிரிட்டு, கடை வைத்து, பிள்ளையைப் படிக்கவும் வைக்க நினைக்கிறானே என்ற ஆத்திரம் வெள்ளையருக்கு. கூலி வேண்டும், மனிதன் வேண்டாம்! 1925இல் டாக்டர் மலான் என்ற மந்திரி, இந்தியரைத் தனி இடங்களில் ஒதுக்கிவைக்க ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பின்னாளில், 1948இல், பிரதம மந்திரியாகி நிறவெறி ஆட்சியை நிலைநாட்டினாரே, அதே மலான்தான்.

கேப் டவுன் பேரம்

அந்த மசோதாவை நிறுத்துவதற்காக 1926 டிசம்பரில் கேப் டவுனில் இரு சர்க்கார்களும் கூடிப் பேசின. சென்னையைச் சேர்ந்த முகம்மது ஹபிபுல்லா தலைமையில் போன இந்தியத் தூதுக்குழுவில் சாஸ்திரியாரும் இருந்தார். 1927 பிப்ரவரியில் ஒப்பந்தம் வெளியாயிற்று.

அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு கைகள். ஒரு கை கொடுத்தது; மறு கை வெளியே போகும் வாயிலைக் காட்டிற்று. ஒதுக்கும் மசோதா கைவிடப்பட்டது. அந்த நாட்டின் நிரந்தரக் குடிகளாக இருக்கும் இந்தியர், மற்ற மக்களுக்குப் பின்னே தேங்கிவிடாதபடி கல்வியிலும் வாழ்க்கைத் தரத்திலும் உயர்த்தப்பட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க சர்க்கார் ஒப்புக்கொண்டது. இது கொடுத்த கை.

ஊர் திரும்ப இசைகிறவனுக்கு இலவசக் கப்பல் பயணமும், ஆளொன்றுக்கு 20 பவுன், குழந்தைக்கு 10 பவுன் இனாமும் தருவதாகச் சொன்னது மறு கை. திரும்பிப் போனவன் மனம் மாறி மீண்டும் வர நினைத்தால், மூன்று ஆண்டுக்குள் வரவேண்டும். வாங்கிய பணத்தையும் கப்பல் செலவையும் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று ஆண்டு கடந்தால் அந்த மண்ணில் அவனுக்கிருந்த உரிமை போயிற்று.

இருபது பவுன் என்றால் என்ன? ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுக் கணக்கில் நாற்பது மாதச் சம்பளம். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 267 ரூபாய். அறுபது ஆண்டு உழைப்பின் பேரில் ஒரு குடும்பத்துக்கு இருந்த உரிமைக்கு அதுதான் விலை!

ஒப்பந்தம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க இந்திய சர்க்காரின் ஏஜெண்டு ஒருவர் அங்கே இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று. முதல் ஏஜெண்டாகப் போகும்படி காந்தியாரும் வற்புறுத்தினார். வலங்கைமான் வாத்தியார் கப்பலேறினார்.

ஒன்றரை ஆண்டு

அங்கே அவர் செய்தது என்ன? பேசினார். ஊர் ஊராகப் போய், வெள்ளையரின் மாதாகோயில்களிலும் மன்றங்களிலும் நின்று பேசினார். கூலி என்றும் சாமி என்றும் ஏளனமாக அழைத்தே பழகியவர்கள், அந்தக் கூலியின் நாட்டிலிருந்து வந்த ஒருவர் தங்கள் மொழியைத் தங்களைவிட நன்றாகப் பேசுவதைக் கேட்டுத் திகைத்தார்கள். எல்லோரும் திகைத்ததோடு நிற்கவில்லை. 1928இல் டிரான்ஸ்வாலின் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது வெள்ளையர் கூட்டமொன்று புகுந்து கலவரம் செய்து கூட்டத்தைக் குலைத்தது. பிரிவி கவுன்சிலர் பட்டமும் பட்டுத் தலைப்பாகையும் அங்கே அவரைக் காக்கவில்லை. தோலின் நிறத்தைத்தான் அந்தக் கூட்டம் பார்த்தது.

பேச்சோடு நின்றாரா என்றால், இல்லை. ஓட்டல்களிலும் மதுக்கடைகளிலும் இந்தியர் வேலை செய்யக்கூடாது என்று ஒரு மதுபான மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளரின் அடுப்பை அணைக்கும் பிரிவு அது. சாஸ்திரியார் முயன்று அதைத் திரும்பப் பெறச் செய்தார். இந்தியத் தொழிலாளர் சங்கம் அமைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊக்கினார். 1928இல் நாட்டால் தொழிலாளர் காங்கிரஸ் தோன்றியது.

வாத்தியாரல்லவா? அவர் கண் பள்ளிக்கூடத்தின் மேலேயே இருந்தது. நாட்டால் மாகாணத்தில் இந்தியர் கல்வி பற்றி ஒரு விசாரணை நடக்கச் செய்து, அதற்கு உதவ இந்தியாவிலிருந்து இரண்டு கல்வி நிபுணர்களையும் வரவழைத்தார். பள்ளிக்கு அனுப்பவேண்டிய வயதிலுள்ள இந்தியக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குகூடப் பள்ளியில் இல்லை என்பது வெளியாயிற்று. உயர்நிலைக் கல்விக்கு ஏற்ற இடமே இல்லை. வாத்தியார்களுக்குப் பயிற்சி இல்லை.

டர்பனில் இந்தியருக்கு ஓர் உயர்நிலைப் பள்ளியும் ஆசிரியப் பயிற்சிக் கூடமும் வேண்டும் என்று கிளம்பினார். கட்டடத்துக்கு வேண்டிய பணத்தை இந்தியரே திரட்டுவார்கள் என்று சர்க்காருக்கு வாக்குக் கொடுத்தார். வியாபாரி வீட்டுக்கும் போனார். உழைப்பவர் கூட்டத்துக்கும் போனார். சுமார் 20,000 பவுன் சேர்ந்தது. 1928 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த ஆண்டில் இந்தியாவில் அவருக்குச் சர் பட்டம் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மூட்டைகள்

1929 ஜனவரி பிறந்தது. இன்னும் சில காலம் இருங்கள் என்று இந்தியர் கேட்டார்கள். வெள்ளையரில் சிலரும் கேட்டார்கள். வயது அறுபதை நெருங்கிவிட்டது. உடம்பு தளர்ந்திருந்தது. ஓராண்டுக்கென்று வந்தவர் ஒன்றரை ஆண்டு இருந்தாகிவிட்டது. அவருக்குப் பின் ஏஜெண்டாக வந்தவர் நீதிக்கட்சியைச் சேர்ந்த கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு.

வழியனுப்பு விழாக்கள் நடந்தன. அந்த நாட்களில் டர்பன் நகரிலே கல்லூரிக் கட்டடத்தின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அது திறக்கப்பட்டது 1929 அக்டோபர் 14ஆம் நாள். அப்போது அவர் அங்கே இல்லை. கட்ட நினைத்தவர் கதவு திறக்குமுன்பே ஊர் வந்துவிட்டார். சாஸ்திரி கல்லூரி என்ற பெயர் மட்டும் அங்கே நின்றது.

இது ஒரு பயணம். இனி மற்றொரு பயணத்தைப் பாருங்கள்.

அதே ஆண்டுகளில், அதே டர்பன் துறையில், இருபது பவுனை வாங்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். மாலை இல்லை, விருந்து இல்லை. தகரப்பெட்டி ஒன்று, பானை சட்டி சில, இடுப்பிலே குழந்தை. போகிறவரில் கிழவருக்கு மட்டுமே ஊரின் பெயர் நினைவிருந்தது. பிள்ளைகளோ அந்த மண்ணிலே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஊர் என்பது தாத்தா சொன்ன கதை.

வந்து இறங்கியவனுக்கு இங்கே என்ன காத்திருந்தது? நிலமில்லை. வேலையில்லை. தோட்டத்து லயத்திலே சாதி மாறி நடந்த கல்யாணங்களைக் கிராமம் ஏற்கவில்லை. கடல் தாண்டியவன் என்று உறவே ஒதுங்கிற்று. அக்கிரகாரத்திலிருந்து கடல் தாண்டிய பெரிய மனிதருக்கு மாலை போட்ட அதே ஊர், சேரியிலிருந்து கடல் தாண்டியவனுக்குத் தண்ணீர் கொடுக்கவும் யோசித்தது! பணம் கரைந்தது. கல்கத்தாவை அடுத்த மட்டியாபுர்ஜிலே, திரும்பி வந்தவர்கள் மீண்டும் கப்பல் கிடைக்காதா என்று சேரி போட்டுக் காத்துக்கிடந்தார்கள். சென்னையில் இறங்கியவரில் பலர் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்கு மறுபடியும் கூலியாகப் போனார்கள். பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்கள் நிலையை நேரிலே ஆராய்ந்து 1931இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கே பிறந்தவர்களுக்கு இந்த ஊர் திரும்புதல் பெருந்தீங்கு என்பதே அதன் சாரம்.

சாஸ்திரியார் இதை அறியாதவரா? அறிந்தவர்தான். பேரம் இல்லாமல் அந்த ஒப்பந்தம் கிடைத்திராது என்பது அவர் தரப்பு. போகிறவன் போனால், இருக்கிறவனுக்கு உரிமை கிடைக்கும் என்று நம்பினார். போகிறவன் போனான். இருந்தவனுக்கு உரிமை கிடைக்கவில்லை. உயர்த்துகிறோம் என்று கொடுத்த வாக்கை வெள்ளை சர்க்கார் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டது. அதையும் அரைகுறையாகவே செய்தது.

மீதி வாழ்வு

ஊர் திரும்பிய அந்த 1929ஆம் ஆண்டிலேயே, இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய விட்லி தலைமையில் அமைந்த ராயல் கமிஷனில் அவர் ஓர் உறுப்பினரானார். அவருடைய சங்கத்துத் தோழரும் தொழிற்சங்கத் தலைவருமான என். எம். ஜோஷியும் அதில் இருந்தார். பிறகு வட்டமேஜை மாநாடுகள். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தர் பதவி.

1936இல் மலாய் நாட்டு இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்துவர அவரை அனுப்பினார்கள். 1937இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, ஆள் அனுப்புவதை நிறுத்தவேண்டிய காரணம் இல்லை என்றது. அங்கிருந்த இந்தியத் தலைவர்கள் மனம் புழுங்கினார்கள். மறு ஆண்டே, 1938இல், இந்திய சர்க்கார் அந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சுடப்பட்டபோது, அவர் காணாத வேதனை எது என்பதை உலகம் கண்டது. துரைமாரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த நாவுக்கு, லயத்துக்குள்ளே உட்கார்ந்து கேட்கத் தெரிந்த காதும் வேண்டும். அங்கேதான் அவர் குறைபட்டார்.

1946 ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். அவர் மறைந்து இரண்டு மாதம் ஆவதற்குள், அதே ஜூன் 13இல், டர்பன் நகரில் இந்தியர் சாத்வீகப் போரைத் தொடங்கினார்கள். நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடைவிதித்த கெட்டோ சட்டத்தை எதிர்த்து நடந்த போர் அது. மான்டி நாயக்கரும் யூசுப் டாடுவும் அதன் தலைவர்கள். விண்ணப்பமும் விருந்தும் போதாது என்று கண்ட தலைமுறை அது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அந்தப் போராட்டத் தலைமுறையில் இஸ்மாயில் மீர் போன்றவர்கள் படித்தது எங்கே? சாஸ்திரி கல்லூரியிலே! பகலிலே வேலை செய்த இந்தியரும் ஆப்பிரிக்கரும் பல்கலைக் கழகப் பாடம் கேட்க, 1936 முதல் வகுப்புகள் நடந்தது எங்கே? அந்தக் கல்லூரிக் கட்டடத்திலே! அவர் மிதவாதத்தை நட்டார். அந்த நிழலிலே போராட்டமும் வளர்ந்தது.

யாருக்கு எது ஊர்?

தென்னாப்பிரிக்க இந்தியர் அந்த நாட்டின் நிரந்தரக் குடிகளே என்று வெள்ளை சர்க்கார் ஒப்புக்கொள்ள 1961 வரை ஆயிற்று. ட்ரூரோ கப்பல் வந்து நூறு ஆண்டு கழித்து! ஓட்டுரிமை எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது 1994இல்தான்.

இது தொலைதூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம். 1948இல் இலங்கை சர்க்கார் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று. இது வேறொரு சாஸ்திரி. கணக்கு மட்டும் அதே கணக்கு. தேயிலை பறித்த கையை, மூட்டையை எண்ணுவதுபோல எண்ணிப் பங்கு பிரித்தார்கள். எந்தத் தோட்டத்திலும் போய், அம்மா, உனக்கு எது ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களை, நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் சிலோன்காரன் என்றே ஊரார் அழைத்தார்கள்.

ஆகவே, தோழர்களே, வலங்கைமான் சாஸ்திரியாரின் வாழ்விலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, தாம் திறந்து பார்க்கமுடியாத கதவுக்கும் கல் சுமந்தார் அவர். பதவி முடிந்ததும் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வரவில்லை; பின்னால் வருகிறவனுக்கு ஒரு பள்ளிக்கூடத்தை விட்டுவந்தார். சங்கத்திலே, கிளையிலே, ஊராட்சியிலே பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும், நான் விலகும் நாளில் இங்கே எது நிற்கும் என்று கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி அது.

மற்றொன்று, உழைப்பவனைக் கேட்காமல் உழைப்பவனுக்காகச் செய்யப்படும் ஒப்பந்தம் எவ்வளவு நல்ல மனிதன் கையெழுத்தில் வந்தாலும், அதன் செலவை உழைப்பவனே கட்டுகிறான். இன்றும் வளைகுடா நாட்டிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் டெல்டாப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வடக்கேயிருந்து பிழைக்க வந்த பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். உன் ஊருக்குப் போ என்று ஒருவனைப் பார்த்துச் சொல்லுமுன், அவன் வியர்வை எந்த மண்ணில் விழுந்தது என்று பார்க்கவேண்டும். வியர்வை விழுந்த இடத்திலே அவனுக்கும் ஒரு பிடி உரிமை உண்டு. இருபது பவுனுக்கு அதை விலை பேச எந்த சர்க்காருக்கும் உரிமை கிடையாது.